உருகிய எஃகின் வெப்பநிலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எஃகு உருக்கும் ஆலைகளில் உலோகத்தின் வெப்பநிலையை எவ்வாறு அளக்கிறார்கள், எவ்வாறு கட்டுப்படுத்துகிறார்கள் என்று மாணவர்களும், ஃபவுண்டரி (வார்ப்பாலை) நடத்துவோரும், உலைத் தளத்தில் பணிபுரிவோரும் எழுதிய கடிதங்கள் சேர்ந்துவிட்டன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கி, இந்த இதழின் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: தூய இரும்பு 1538 டிகிரி செல்சியஸில் உருகும் என்று பாடநூலில் படித்தோம். தொழிற்பயிற்சிக்குச் சென்ற ஆலையில், உலையிலிருந்து எஃகை வெளியே எடுத்தபோது திரையில் 1630 என்று காட்டியது. உருகிய பிறகும் ஏறக்குறைய நூறு டிகிரி ஏன் ஏற்ற வேண்டும்? அந்த எண்ணை எப்படி முடிவு செய்கிறார்கள்?
(டிப்ளமோ மாணவர், மேட்டூர்)

பதில்: 1538 என்பது தூய இரும்புக்குரிய எண். எஃகில் கலந்துள்ள ஒவ்வொரு தனிமமும், அது உறையத் தொடங்கும் வெப்பநிலையைக் கீழே இழுக்கிறது. அந்த வெப்பநிலையை ஆலைகளில் லிக்விடஸ் என்பார்கள். இழுப்பதில் கார்பனின் பங்கே பெரிது; ஒரு சதவீதக் கார்பனுக்கு ஏறத்தாழ 78 டிகிரி குறையும். சிலிக்கானுக்கு 8 டிகிரி, மாங்கனீசுக்கு 5 டிகிரி என்று தோராயமாகக் கணக்கிடலாம். பாஸ்பரசும் கந்தகமும் சதவீதத்துக்கு 30 டிகிரியை ஒட்டிக் குறைத்தாலும், எஃகில் அவை மிகச் சிறிதளவே இருப்பதால் மொத்தக் கணக்கில் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் மாற்றம் வராது. கட்டுமானக் கம்பிக்கான, 0.20 சதவீதக் கார்பனும் 0.60 சதவீத மாங்கனீசும் கொண்ட எஃகுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் லிக்விடஸ் சுமார் 1515 டிகிரி என்று வரும். 0.80 சதவீதக் கார்பன் கொண்ட உயர்வலிமைக் கம்பிக்கு அது சுமார் 1470 டிகிரி. 18 சதவீதக் குரோமியமும் 8 சதவீத நிக்கலும் கொண்ட துருப்பிடிக்காத எஃகுக்கு 1455ஐ ஒட்டி நிற்கும்.

ஆகவே, திரையில் தெரியும் எண் தனியாக நின்று எதையும் சொல்வதில்லை. 1545 என்ற அளவீடு கட்டுமானக் கம்பிக்குச் சரியான சூடு. உயர்கார்பன் கம்பிக்கோ அதே 1545 என்பது லிக்விடசைவிட 75 டிகிரி அதிகம், அதாவது ஏற்கத் தகாத அளவு. லிக்விடசுக்கு மேல் எத்தனை டிகிரி இருக்கிறது என்பதே உருக்குத் தளத்தில் கேட்க வேண்டிய கேள்வி. அந்த உபரியை சூப்பர்ஹீட் என்கிறார்கள்.

நீங்கள் பார்த்த 1630ஐப் பின்னாலிருந்து முன்னோக்கிக் கணக்கிட்டு நிர்ணயித்திருப்பார்கள். எஃகை இடைவிடாமல் வார்க்கும் தொடர்வார்ப்பு எந்திரத்தின் மோல்டுக்கு (எஃகு உறையும் அச்சுக்கு) சற்று மேலே டண்டிஷ் என்னும் இடைத்தொட்டி இருக்கிறது. அதில் எஃகு லிக்விடசைவிட 20 முதல் 30 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். நம் உதாரணத்தில் 1545. உருகிய எஃகை ஏந்திச் செல்லும் பெரிய கொப்பரையான லேடிலிலிருந்து டண்டிஷுக்கு இறங்கும்போதும், வார்த்து முடியும்வரை லேடில் காத்திருக்கும்போதும் சூடு குறையும். அதற்கென்று 40 டிகிரி வைத்தால், எஃகு நிரம்பிய லேடில் கிளம்பும்போது 1585 இருக்க வேண்டும். உலையிலிருந்து லேடிலுக்குள் எஃகு தாரையாக விழும்போது, காற்றில் கதிர்வீசியும் லேடிலின் செங்கற்சுவரைச் சூடாக்கியும் மற்றொரு 45 டிகிரி போகும். கூட்டினால் 1630. இந்த இழப்புகள் எல்லா ஆலைகளுக்கும் ஒன்றுபோல இருக்கமாட்டா. லேடில் சிறியதாக இருந்தால் இழப்பு அதிகம். லேடிலை முன்கூட்டியே 1000 டிகிரிக்கு மேல் காய்ச்சி வைத்திருந்தால் குறைவு. இடையில் கிரேனுக்குக் காத்திருக்க நேர்ந்தால் நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் மீண்டும் கூடும். ஒரு நல்ல உருக்குத் தள மேற்பார்வையாளர், வெப்பநிலையைக் கேட்கும் அதே மூச்சில் லேடில் எப்போது கடைசியாகக் காலியானது என்றும் கேட்பது இதனால்தான்.

கேள்வி: கடையில் கிடைக்கும் அகச்சிவப்புத் துப்பாக்கி ஒன்றை வாங்கி எங்கள் ஃபவுண்டரியில் உருகிய உலோகத்தின் மேல் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வேறு எண் வருகிறது; சில சமயம் அளவு எல்லையைத் தாண்டியதாகக் காட்டுகிறது. விலை கூடிய கருவி வாங்கினால் சரியாகிவிடுமா?
(ஃபவுண்டரி உரிமையாளர், கோயம்புத்தூர்)

பதில்: கருவியின் விலை ஒரு காரணமாக இருக்கலாம், முதன்மைக் காரணம் அதுவன்று. எல்லாப் பொருள்களும் ஒரே வெப்பநிலையில் ஒரே அளவு கதிர்வீசுவதில்லை. முழுமையாகக் கதிர்வீசும் கரும்பொருளை 1 என்று கொண்டால், உருகிய எஃகின் தூய பரப்பு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 வரைதான் வீசும். அதன் மேல் மிதக்கும் கசடோ ஆக்சைடு ஏடோ அதே வெப்பநிலையில் ஏறக்குறைய இருமடங்கு ஒளிரும். நீங்கள் துப்பாக்கியைப் பிடித்த இடத்தில் ஒரு கணம் தூய உலோகமும், மறுகணம் கசடும், இடையே புகையும் வந்து போயிருக்கும். கருவி தான் கண்டதைத்தான் காட்டியது.

கருவி எந்த அலைநீளத்தில் பார்க்கிறது என்பதும் பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். கடைகளில் கிடைக்கும் பொதுப் பயன்பாட்டுத் துப்பாக்கிகள் 8 முதல் 14 மைக்ரான் அலைநீளத்தில் வேலை செய்கின்றன. அவை சுவர், குழாய், மோட்டார் முதலியவற்றுக்கு ஆனவை. உலோகத்தின் கதிர்வீச்சுத் திறனை (மேலே சொன்ன 0.3, 0.4 போன்ற எண்ணை) நாம் பத்து சதவீதம் தவறாக மதிப்பிட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். 1600 டிகிரி எஃகை 10 மைக்ரானில் பார்க்கும் கருவியில் அந்தத் தவறு 130 டிகிரி அளவுக்குப் பெருகும், 1 மைக்ரானில் பார்த்தால் 24 டிகிரி, 0.65 மைக்ரான் சிவப்பொளியில் பார்த்தால் 16 டிகிரி. அலைநீளம் குறையக் குறையப் பிழை சுருங்குகிறது. எனவே உருகிய உலோகத்துக்கென்று செய்யப்படும் பைரோமீட்டர்கள் (ஒளிர்வைக் கொண்டு தொடாமலே வெப்பநிலையை அளக்கும் கருவிகள்) குறுகிய அலைநீளத்தையோ, இரண்டு அலைநீளங்களின் விகிதத்தையோ பயன்படுத்துகின்றன. இரண்டு அலைநீளக் கருவி, புகையும் தூசியும் இரண்டையும் ஒரே அளவில் மறைக்கும்வரை அவற்றால் ஏமாறாது என்பது அதன் சிறப்பு.

அத்தகைய கருவியையும் உலையின் வாய்மேல் பிடிப்பதில் பயனில்லை. லேடிலிலிருந்து அச்சுக்குள் விழும் தாரையில், கசடு கலவாத புதிய உலோகம் தெரியும் இடத்தில், ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் பிடிக்க வேண்டும். அப்போதும் அதை ஒப்பீட்டுக் கருவியாகவே கருத வேண்டும். தொடக்கத்தில் அமிழ்த்தி அளக்கும் தெர்மோகப்பிளோடு (இணைந்த இரு உலோகக் கம்பிகளின் மின்னழுத்தத்தால் வெப்பநிலை காட்டும் கருவியோடு) ஒத்துப்பார்த்துத் திருத்தம் குறித்துக்கொள்ளுங்கள். என் கருத்தைக் கேட்டால், சிறிய ஃபவுண்டரிக்கு முதலில் வாங்க வேண்டியது தெர்மோகப்பிளை நுனியில் தாங்கி அமிழ்த்தும் நீண்ட குழாயான லான்ஸும் அதன் எண்காட்டியும்தான். பைரோமீட்டர் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கலாம்.

கேள்வி: என் கணவர் வேலை பார்க்கும் ஆலையில், நீண்ட கம்பியின் நுனியில் அட்டைக் குழாய் ஒன்றைச் செருகி எஃகுக்குள் விட்டு எடுக்கிறார்கள். குழாய் எரிந்துபோகிறது, அடுத்த முறைக்கு வேறொன்று. அதற்குள் பிளாட்டினம் இருக்கிறதாம். விலைமதிப்புள்ள உலோகத்தை இப்படி எரிப்பது வீண் இல்லையா? நிலையாக ஒரு கருவியை உள்ளேயே வைத்துவிட முடியாதா?
(இல்லத்தரசி, ஓசூர்)

பதில்: உங்கள் கேள்வி இந்தத் துறை முப்பது நாற்பது ஆண்டுகள் மல்லுக்கட்டிய கேள்வி. இரண்டு வேறு உலோகக் கம்பிகளை இணைத்து, இணைப்பைச் சூடாக்கினால் மின் விளைவு தோன்றுகிறது என்பதை 1821இல் தாமஸ் சீபெக் கண்டறிந்தார். 1886இல் பிரெஞ்சு வேதியியலாளர் லெ சாட்டெலியே, ஒரு கம்பி தூய பிளாட்டினமாகவும் மற்றொன்று பத்து சதவீத ரோடியம் கலந்த பிளாட்டினமாகவும் இருந்தால் அளவீடு நம்பகமாக அமைகிறது என்று காட்டினார். இன்று எஸ் வகை என்று அழைக்கப்படுவது அந்த இணைதான். 1600 டிகிரியில் அது தரும் மின்னழுத்தம் 16.777 மில்லிவோல்ட். ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 0.012 மில்லிவோல்ட் மட்டுமே மாறும். பிளாட்டினத்தின் உருகுநிலை 1768 டிகிரி என்பதால் உருகிய எஃகில் அது உருகாது. ஆனால் எஃகு நேரடியாகத் தொட்டால் கரைந்துவிடும். கரி, சிலிக்கான், உலோக ஆவி ஆகியவை பட்டால் அதன் அளவு தடம் மாறும். ஆகவே உறை வேண்டும். உறை தடிமனாக இருந்தால் சூடு உள்ளே செல்ல நிமிடங்கள் ஆகும்; அதற்குள் கசடு உறையை அரித்துவிடும். மெல்லியதாக இருந்தால் உடனே அளக்கும், ஆனால் நிலைக்காது.

1930களில் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஷோஃபீல்டு என்பவர் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தார். மெல்லிய சிலிக்கா உறைக்குள் கம்பிகளை வைத்து, சில விநாடிகள் மட்டுமே அமிழ்த்தி, வெப்பநிலையைப் படித்துக்கொண்டு உடனே வெளியே எடுத்துவிடுவது அவரது முறை. உறையை மாற்றி, கம்பியின் நுனியை வெட்டி மீண்டும் இணைத்துப் பயன்படுத்தினார்கள். பல உருக்குத் தளங்களில் முதன்முதலாக நம்பத்தக்க எண் கிடைத்தது அப்போதுதான். உறையோடு சேர்த்துக் கம்பியையும் எறிந்துவிட்டால் என்ன என்ற எண்ணத்திலிருந்து வந்ததுதான் நீங்கள் பார்க்கும் அட்டைக் குழாய். 1960களில் அது பரவியது.

அதன் அமைப்பு எளிமையானது. நுனியில் மெல்லிய தகட்டு மூடி. கசடைக் கடக்கும்வரை உள்ளிருப்பதைக் காத்துவிட்டு, எஃகுக்குள் வந்ததும் அது உருகிவிடும். அதற்குள் வளைந்த சிறு குவார்ட்ஸ் குழாய். அந்தக் குழாய்க்குள் மயிரிழை போன்ற பிளாட்டினக் கம்பியும் பிளாட்டினம்-ரோடியக் கம்பியும் இணைந்திருக்கும். கம்பி எத்தனைக்கு மெல்லியதோ அத்தனைக்குச் செலவு குறையும், வேகமும் கூடும். நான்கைந்து விநாடிகளில் அளவீடு உயர்ந்து ஒரு தட்டையான நிலையை அடையும். எண்காட்டி அந்தத் தட்டை நிலையைத்தான் வெப்பநிலையாக ஏற்கும். அட்டைக் குழாய் எரிந்தாலும், அந்தச் சில விநாடிகளுக்கு உள்ளிருக்கும் இணைப்பையும் லான்ஸையும் காத்துவிடுகிறது. ஒருமுறைப் பயன்பாடு என்பதில் மற்றொரு நன்மையும் அடங்கியிருக்கிறது. பழைய கம்பி கெட்டுப்போய்ச் சிறிது சிறிதாகத் தவறு காட்டத் தொடங்கும் ஆபத்து இதில் இல்லை. ஒவ்வொரு அளவீடும் புதிய கம்பியால் எடுக்கப்படுகிறது. கம்பிச் சுருளைத் தயாரிப்பவர்கள், 1554.8 டிகிரியில் உருகும் பல்லேடியத்தைப் போன்ற நிலையான புள்ளிகளில் சோதித்து அனுப்புகிறார்கள். எரியும் பிளாட்டினத்தின் அளவு மிக அற்பம்; ஒரு ஹீட் (ஒருமுறை உருக்கிய எஃகு) முழுவதும் லேடிலில் உறைந்துபோனால் ஏற்படும் இழப்போடு ஒப்பிட்டால் அது கணக்கிலேயே வராது.

அட்டைக் குழாய்களை ஈரம் படாமல் வைத்திருக்கிறார்களா என்று உங்கள் கணவரிடம் கேளுங்கள். ஈரமான குழாயை உருகிய எஃகுக்குள் விட்டால் நீர் நொடியில் ஆவியாகி உலோகத்தைத் தெறிக்கவைக்கும், அளவீடும் தள்ளாடும்.

கேள்வி: ஒரே லேடிலில் ஒரு நிமிட இடைவெளியில் இருவர் எடுத்த அளவீடுகள் 15 டிகிரி வேறுபட்டன. எதை நம்புவது?
(உலைத் தளப் பணியாளர், கும்மிடிப்பூண்டி)

பதில்: சராசரி எடுக்காதீர்கள். இரண்டில் ஒன்று தவறான இடத்தையோ, தவறான சுற்றையோ அளந்திருக்கிறது. எது என்று தேட வேண்டும்.

முதலில் இடம். ஆர்கான் வாயுவால் கலக்கப்படாத லேடில், அடியில் விறகெரியாத வெந்நீர் அண்டாவைப் போன்றது. மேலே ஒரு சூடு, அடியிலும் சுவரோரத்திலும் வேறு சூடு. கலக்கத் தொடங்கி இரண்டு மூன்று நிமிடங்கள் கழிந்த பிறகு எடுத்த அளவீட்டுக்குத்தான் பொருள் உண்டு. நுனி கசடுக்குக் கீழே முப்பது சென்டிமீட்டர் அளவிலாவது உலோகத்துக்குள் இருக்க வேண்டும். லேடிலிலுள்ள எஃகை மின்வில்லால் மேலும் சூடாக்கும் லேடில் உலையில், மின்வில்லுக்கு அருகில் கசடு உலோகத்தைவிடச் சூடாக இருக்கும். அதைத் தொட்டு எடுத்தால் எண் பொய்யாக உயரும். மின்வில் உலையிலோ, உருகாத ஸ்கிராப் (பழைய இரும்பு) ஒரு மூலையில் கிடந்தால் அதன் அருகில் எண் பொய்யாகத் தாழும். உருகியது போலத் தோன்றிய குளத்தில் பிறகு ஸ்கிராப் சரிந்து வெப்பநிலை விழுவதற்கும் இதுவே காரணம்.

அடுத்தது மின்சுற்று. லான்ஸின் உள்ளே செல்லும் ஈடுசெய் கேபிள், பிளாட்டினத்தால் ஆனதன்று. குறிப்பிட்ட வெப்பநிலை வரை பிளாட்டின இணையைப் போல நடந்துகொள்ளும் மலிவான உலோகக் கலவை. லான்ஸின் நுனிப் பகுதி மிகச் சூடாகிவிட்டால் அந்த ஒற்றுமை குலையும். ஒரே லான்ஸை இடைவெளியின்றித் தொடர்ந்து விடுவோருக்கு இது நேரும். கேபிளைப் பழுதுபார்க்கும்போது இரண்டு முனைகளிலும் கம்பிகளை மாற்றிப் பூட்டிவிட்டால், எண்காட்டி வழக்கம்போல எண் காட்டும், ஆனால் தவறாக: லான்ஸின் இணைப்பு 60 டிகிரியிலும் எண்காட்டி 30 டிகிரியிலும் இருந்தால் அளவீடு 30 டிகிரிக்கு மேல் குறைந்துவிடும். தெர்மோகப்பிள் சூடான நுனிக்கும் எண்காட்டிப் பக்கத்துக் குளிர்முனைக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் அளக்கும்; அந்த முனையின் சூட்டைக் கூட்டிக்கொள்ளும் குளிர்முனைத் திருத்தம் வேலை செய்யாவிட்டால், நம் ஊர் 30 டிகிரி அறைச்சூட்டுக்கு அளவீடு சுமார் 15 டிகிரி குறைந்து காட்டும். நீங்கள் சொல்லும் வேறுபாடும் அதுவே என்பதால் முதலில் அதைப் பாருங்கள். இரண்டு லான்ஸ்களையும் ஒரே எண்காட்டியில் மாட்டி, மில்லிவோல்ட் மூலக்கருவியால் 16.777 கொடுத்து, எண்காட்டியைக் குளிர்முனைத் திருத்தமின்றி வைத்து 1600 வருகிறதா என்று சோதிப்பது அரை மணி நேர வேலை.

எல்லாம் சரியாக இருந்தாலும் இரண்டு மூன்று டிகிரி வேறுபாடு இருக்கத்தான் செய்யும். அதற்குள் துல்லியம் தேடி வீணாக டிப்களை (ஒருமுறை பயன்படும் அட்டைக் குழாய் நுனிகளை) செலவழிக்க வேண்டாம்.

கேள்வி: இந்தக் கருவிகள் வருவதற்கு முன்னால் எஃகு செய்தவர்கள் சூட்டை எப்படி அறிந்தார்கள்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி)

பதில்: கண்ணால் அறிந்தார்கள், கோபால்ட் நீலக் கண்ணாடியின் உதவியோடு. திறந்த அடுப்பு உலைகளின் காலத்தில் உலை மேற்பார்வையாளரின் சட்டைப்பையில் அந்தக் கண்ணாடி இருக்கும். கரண்டியால் சிறிது எஃகை எடுத்து ஊற்றி, கரண்டியில் எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது என்று பார்ப்பது ஒரு முறை. எஃகுக் கம்பியைக் குளத்துக்குள் சிறிது நேரம் அசைத்து எடுத்து, அதன் நுனி எப்படி அறுபட்டிருக்கிறது என்று பார்ப்பது மற்றொரு முறை. அனுபவசாலிகள் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாகச் சொன்னார்கள். ஆனால் அவர்களுடைய அறிவு அந்த உலைக்கும், அந்த எஃகு வகைக்கும் கட்டுப்பட்டிருந்தது.

1900ஐ ஒட்டி ஒளியியல் பைரோமீட்டர் வந்தது. ஒரு விளக்கின் இழையை உலோகத்தின் பின்னணியில் பார்த்து, இழை கண்ணுக்கு மறையும்வரை மின்னோட்டத்தை மாற்றி வெப்பநிலையைப் படிக்கும் கருவி அது. ஜெர்மனியில் ஹோல்போர்னும் குர்ல்பௌமும் 1901இல் வெளியிட்ட வடிவம் புகழ்பெற்றது. கோயம்புத்தூர் வாசகருக்குச் சொன்ன கதிர்வீச்சுத் திறன் சிக்கல் இதற்கும் உண்டு. கரும்பொருளுக்கு அளவு குறிக்கப்பட்ட கருவி, 0.4 திறனுள்ள 1600 டிகிரி எஃகுத் தாரையை 1465 என்று காட்டும். அந்த 135 டிகிரியைத் திருத்தத் தெரிந்தவர் கையில் அது நல்ல கருவி.

கேள்வி: உருகிய இரும்பை எஃகாக்கும் பாத்திரமான எல்.டி. கன்வர்ட்டரில் எரிபொருளும் இல்லை, மின்சாரமும் இல்லை; ஆக்சிஜன் மட்டும் ஊதுகிறார்கள். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் அங்கே எதைத் திருகுவார்கள்? ஊதும்போது அருகில் நெருங்கவே முடியாதே?
(பொறியியல் மாணவி, திருச்சிராப்பள்ளி)

பதில்: திருகுவதற்கு ஒன்றும் இல்லை என்பதுதான் அந்த முறையின் தன்மை. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1952இலும் டோனாவிட்ஸில் 1953இலும் தொடங்கிய அந்த முறையை இந்தியாவில் முதலில் கையாண்டது ரூர்கேலா ஆலை. ஊதுலையிலிருந்து வந்த உருகிய இரும்பிலுள்ள சிலிக்கானும் கார்பனும் மாங்கனீசும் பாஸ்பரசும் எரிவதால் பிறக்கும் வெப்பம், எஃகுக்குத் தேவையானதைவிட அதிகம். எனவே கன்வர்ட்டரில் கட்டுப்பாடு என்றால் பெரும்பாலும் குளிர்விப்பதுதான். இரும்பின் வெப்பநிலையையும் சிலிக்கான் அளவையும் வைத்து, எத்தனை டன் ஸ்கிராப் சேர்த்தால் இறுதியில் 1650ஐ ஒட்டி நிற்கும் என்று ஊதுவதற்கு முன்பே கணக்கிட்டுப் போடுகிறார்கள். ஊதும்போது மேலும் குளிர்விக்க வேண்டியிருந்தால் இரும்புத் தாது போடுவார்கள். எடைக்கு எடை அது ஸ்கிராப்பைப்போல மூன்று நான்கு மடங்கு குளிர்விக்கும், ஏனெனில் சூடாவதற்கும் உருகுவதற்கும் மட்டுமின்றித் தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பிரிக்கவும் வெப்பம் செலவாகிறது.

நெருங்க முடியாத சிக்கலுக்குப் பதில், சப்லான்ஸ் என்னும் துணைக் குழாய். ஊதி முடிய ஏறக்குறைய இரண்டு நிமிடங்கள் இருக்கும்போது, ஊதுவதை நிறுத்தாமலே நீரால் குளிர்விக்கப்பட்ட அந்தக் குழாய் மேலிருந்து இறங்கும். நுனியிலுள்ள டிப் வெப்பநிலையை அளப்பதோடு, தனக்குள் இருக்கும் சிறு கிண்ணத்தில் சிறிது எஃகையும் பிடித்துக்கொள்ளும். கிண்ணத்திலுள்ள எஃகு உறையத் தொடங்கும் இடத்தில் வெப்பநிலைக் கோடு சற்றே தயங்கி நிற்கும். அந்தத் தயக்கம்தான் லிக்விடஸ். கார்பன் கூடினால் லிக்விடஸ் குறையும் என்று முதல் பதிலில் பார்த்தோம் அல்லவா, அதைத் தலைகீழாக்கினால் கார்பன் எவ்வளவு என்று கிடைத்துவிடும். ஆக, ஒரே தெர்மோகப்பிள் இரண்டு விடைகளைத் தருகிறது. மீதி ஆக்சிஜன் எவ்வளவு, தாது எவ்வளவு என்று கணினி அந்த இரண்டு நிமிடங்களுக்குள் திருத்திக்கொள்கிறது. கோவை ஃபவுண்டரிகளில் வார்ப்பிரும்பின் கார்பனை அறிய மணற்கிண்ணத்தில் ஊற்றிப் பார்ப்பதும் இதே தத்துவம்தான்.

கேள்வி: எங்கள் பகுதி அரிசி ஆலைகளின் உமிச் சாம்பல் எஃகு ஆலைகளுக்குப் போகிறது. எஃகில் அதைக் கலக்கிறார்களா?
(வாசகர், தஞ்சாவூர்)

பதில்: கலப்பதில்லை, போர்த்துகிறார்கள். 1600 டிகிரியில் மூடாமல் இருக்கும் பரப்பு, சதுர மீட்டருக்குச் சில நூறு கிலோவாட் அளவில் வெப்பத்தைக் கதிர்வீசி இழக்கும். உமிச் சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா. நுண்துளைகள் நிறைந்தது, மிக இலேசானது, எளிதில் உருகாது. லேடிலின் மேலும் டண்டிஷின் மேலும் சில மூட்டைகளைக் கொட்டினால் இழப்பு பெருமளவு குறைந்துவிடும். ஆனால் எல்லா எஃகுக்கும் அது பொருந்தாது. அலுமினியம் இட்டு ஆக்சிஜன் நீக்கிய எஃகில், அலுமினியம் அந்தச் சிலிக்காவிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கி அலுமினாத் துகள்களை உண்டாக்கும். அவை எஃகு வெளியேறும் துளையான நாசிலை அடைக்கும். அத்தகைய எஃகுக்கு மக்னீசியாவோ சுண்ணாம்போ மிகுந்த போர்வைத் தூள்தான் ஏற்றது.

கேள்வி: சேலம் உருக்காலையில் துருப்பிடிக்காத எஃகை உருக்கும்போது மற்ற எஃகுகளைவிட அதிகச் சூடு வைப்பார்கள் என்கிறார்கள். லிக்விடஸ் குறைவான எஃகுக்கு ஏன் அதிகச் சூடு?
(பாலிடெக்னிக் மாணவர், சேலம்)

பதில்: அந்த ஆலையில் 2010இல் உருக்குப் பிரிவு வந்தது, மின்வில் உலையில் உருக்கிய பின், ஏ.ஓ.டி. என்னும் பாத்திரத்தில் ஆக்சிஜனோடு ஆர்கானையும் கலந்து ஊதுகிறார்கள். அங்கே சூடு வார்ப்புக்காகக் கூட்டப்படுவதில்லை, வேதியியலுக்காகக் கூடுகிறது. ஆக்சிஜன் ஊதினால் கார்பனும் எரியும், விலைமிகுந்த குரோமியமும் எரியும். வெப்பநிலை உயர உயரக் கார்பன் எரிவதற்கே சாதகம். ஆர்கான் இல்லாத பழைய முறையில் குரோமியத்தைக் காக்க மிகக் கடுமையான சூடு தேவைப்பட்டது, செங்கற்கள் தாங்கவில்லை. ஆர்கான் கலந்தால் கார்பன் மோனாக்சைடின் பகுதி அழுத்தம் குறைந்து, 1700ஐ ஒட்டிய சூட்டிலேயே வேலை முடிகிறது. 1968இல் அமெரிக்காவில் ஜோஸ்லின் நிறுவனம் இதைத் தொழில்முறையில் தொடங்கியது. வேலை முடிந்த பிறகு தூய துருப்பிடிக்காத ஸ்கிராப்பைப் போட்டுச் சூட்டை வார்ப்புக்கு ஏற்ற அளவுக்கு இறக்குவார்கள்.

கேள்வி: லேடில் உறைந்துவிடுமோ என்ற அச்சத்தில் எங்கள் தளத்தில் எப்போதும் 30 டிகிரி கூட்டியே எடுக்கிறோம். கூடினால் காத்திருந்து ஆற்றலாம், குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பது எங்கள் வாதம். சரிதானே?
(இண்டக்ஷன் உலை மேற்பார்வையாளர், புதுச்சேரி)

பதில்: அச்சம் நியாயமானது, தீர்வு சரியன்று. இருபது டன் ஹீட்டில் 30 டிகிரி ஏற்ற, உலோகத்துக்குள் செல்லும் வெப்பம் மட்டும் சுமார் 140 யூனிட் மின்சாரம். சுருளிலும் சுவரிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் 200ஐ நெருங்கும். இது ஒவ்வொரு ஹீட்டுக்கும். லைனிங்குக்கு (உலையின் உட்பூச்சுக்கு) ஏற்படும் சேதம் அதைவிடப் பெரிது. உங்கள் உலையில் சிலிக்கா லைனிங் என்றால், 1650ஐ நெருங்கும்போது அதன் தேய்மானம் வேகமெடுக்கும்.

வார்ப்பிலும் விலை உண்டு. சூப்பர்ஹீட் கூடினால் மோல்டுக்குள் உருவாகும் திட ஓடு மெலிதாக இருக்கும். மோல்டை விட்டு வெளியே வந்ததும் கிழிந்து உருகிய எஃகு கொட்டும் பிரேக்அவுட் நேரலாம். அதைத் தவிர்க்க வார்ப்பு வேகத்தைக் குறைப்பீர்கள். குறைத்தால் லேடில் நெடுநேரம் காத்திருக்கும். காத்திருந்தால் சூடு போகும் என்று அடுத்த ஹீட்டை இன்னும் கூட்டுவீர்கள். பில்லட்டின் (வார்த்தெடுத்த எஃகுத் தண்டின்) நடுவில் கார்பனும் கந்தகமும் திரள்வதும், நடுத்துளை விழுவதும் சூப்பர்ஹீட் மிகுந்த வார்ப்பின் அடையாளங்கள்.

குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்பது லேடில் உலை இல்லாத தளத்துக்கு மட்டும் ஓரளவு பொருந்தும். லேடில் உலை இருந்தால் நிமிடத்துக்கு 3 முதல் 5 டிகிரி ஏற்றலாம். அலுமினியம் இட்டு ஆக்சிஜன் ஊதும் வசதி இருந்தால், டன்னுக்கு ஒரு கிலோ அலுமினியம் ஏறத்தாழ 30 டிகிரி தரும். கூடிவிட்டாலும் வெறுமனே காத்திருக்க வேண்டியதில்லை. டன்னுக்குப் பத்து கிலோ தூய, உலர்ந்த ஸ்கிராப் போட்டு ஆர்கானால் கலக்கினால் 16 டிகிரி அளவுக்கு இறங்கும். உங்கள் 30 டிகிரியின் மூலகாரணம் பெரும்பாலும் காயாத லேடிலாகத்தான் இருக்கும். லேடிலைக் காய்ச்சும் பர்னரையும், லேடில் மூடியையும், ஹீட்டுக்கும் வார்ப்புக்கும் இடையிலான நேரத்தையும் ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். அந்த 30இல் பாதியாவது தேவையற்றது என்று தெரியவரும்.

இண்டக்ஷன் உலை என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மேலே ஸ்கிராப் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு பாலம்போல நின்றுவிட்டால், கீழேயுள்ள உலோகம் முழு மின்சக்தியையும் வாங்கிக் கட்டுக்கடங்காமல் சூடேறும். அப்போது மேலிருந்து எடுக்கும் எந்த அளவீடும் கீழே நடப்பதைச் சொல்லாது. மின்சக்தியை உடனே குறைத்து, உலையைச் சுற்றி நிற்பவர்களை விலக்க வேண்டும். வெப்பநிலையைப் பிறகு அளந்துகொள்ளலாம்.

கேள்வி: டண்டிஷில் இடைவிடாமல் வெப்பநிலை காட்டும் கருவி வந்துவிட்டதாகக் கேள்வி. இனி அட்டைக் குழாய்க்கு வேலை இல்லையா?
(கருவியியல் தொழில்நுட்பர், ராணிப்பேட்டை)

பதில்: வந்துவிட்டது, பல ஆலைகளில் இருக்கிறது. அலுமினா-கிராஃபைட் குழாய்க்குள் பி வகைத் தெர்மோகப்பிளை (இரண்டு கம்பிகளும் பிளாட்டினம்-ரோடியமாக உள்ளதை) வைத்து டண்டிஷில் நிறுத்திவிடுவது ஒரு வகை. நுனி மூடிய குழாயின் உள்ளடியைப் பைரோமீட்டரால் பார்ப்பது மற்றொன்று. ஆழமான குழி ஏறக்குறையக் கரும்பொருளாகவே கதிர்வீசும் என்பதால், கோவை வாசகரைத் துன்புறுத்திய கதிர்வீச்சுத் திறன் சிக்கல் இதில் இல்லை. உலோக உறையிட்ட கண்ணாடி இழையைச் சுருளிலிருந்து எஃகுக்குள் செலுத்தி, அதன் நுனி கரைவதற்குள் ஒளியை அளப்பது மூன்றாவது வகை. டண்டிஷில் வெப்பநிலை மெல்ல மாறுவதால், குழாய் தடிமனாக இருந்து சில நிமிடங்கள் தாமதித்துக் காட்டினாலும் பெரிய பாதகமில்லை. வார்ப்பு வேகத்தைச் சிறுகச் சிறுகத் திருத்த அந்தத் தொடர்கோடு மிகப் பயனுள்ளது. உலையிலும் லேடில் உலையிலும் நிலைமை வேறு. அங்கே கசடும் மின்வில்லும் எந்தக் குழாயையும் நெடுநேரம் விட்டுவைப்பதில்லை என்பதால், அளவீடு இன்னும் பெரும்பாலும் அட்டைக் குழாயால்தான் நடக்கிறது. டண்டிஷிலும்கூட, குழாயை மாட்டியவுடன் அதன் முதல் அளவீட்டை ஒரு டிப் விட்டுச் சரிபார்த்துக்கொள்ளும் தளங்களே அதிகம்.